ஒன்பது அங்குலச் சுவர்

மணி துணை

ஜனவரி 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. அண்ணன் சொல்லி டெய்லர் எழுதியது இல்லை, அண்ணனே எழுதுவது. பேனாவைப் பிடித்திருப்பது நான்தான். முதல் வரியை முடித்ததும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் படி இறங்கும்போது முணுமுணுக்கிறது. உன் சர்க்கரை அடங்கியிருக்கிறதா? உன் மகன், மருமகள், பேத்தி எல்லோரும் சுகம்தானே?

நூலகத்து அம்மா சாயங்காலம்தோறும் என்னைப் போன்ற வயசாளிகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறார். எங்கே தெரியுமா? மணியைக் கும்பிடுகிற நான், விளக்கைக் கும்பிடும் விளக்குக்காரர்களின் கூடத்தில். வேறு இடம் கிடைக்கவில்லையாம். நான் செருப்பை வாசலில் விட்டேன், சந்தேகத்தை விடவில்லை. அதை உள்ளே எடுத்துக்கொண்டுதான் போனேன். தலையில் எதையாவது தடவிவிடுவார்கள், காதில் எதையாவது ஓதிவிடுவார்கள் என்று ஒரு வாரம் கதவோரமாகவே உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. 'அ'னாதான் நடந்தது.

இப்போது ஊரே என்னோடு பேசுகிறது. பேருந்து நிறுத்தத்துச் சுவரில் 'இங்கே துப்பாதீர்கள்' என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருஷமாக நான் துப்பி வந்தது அதன் மேல்தான்.

மே மாதம் மக்கள் கணக்கெடுப்பு வருகிறது. எனக்கு அதுதான் கவலை. நம் இடுகாட்டில் மணிக்காரருக்கு ஒரு பக்கம், விளக்குக்காரருக்கு ஒரு பக்கம், நடுவில் சுவர். தலைகளை எண்ணி முடித்ததும் எந்தப் பக்கம் ஆள் கூடியிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு இடம் கூடுதலாக வரும்படி நகராட்சி சுவரை இடித்துத் தள்ளிக் கட்டுகிறது. மூன்று தடவையும் இடித்ததும் கட்டியதும் நான்தான். மூன்று தடவையும் சுவர் நம்மை நோக்கித்தான் வந்தது. இப்போது அப்பா, அம்மா, பக்கத்தில் எனக்கு, அப்புறம் உனக்கு என்று சொல்லி வைத்த இடம், அதை ஒட்டிச் சுவர். இன்னொரு தடவை வந்தால் அப்பாவும் அம்மாவும் விளக்குக்காரர் பக்கம் போய்விடுவார்கள். நமக்கு இடம் இருக்காது.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன். இனி நீ எழுதுவதை நானே படிப்பேன்.

உன் அண்ணன்


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. பேத்திக்குப் பல் விழுந்து முளைக்கிறது.

உன் கடிதம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே, இதை எழுதியது நீதானா? இந்த ஊரில் யாரையும் நம்ப முடியவில்லை. போன மாதம் எதிர்வீட்டு அம்மாவுக்கு, இல்லாத தம்பி ஒருவன் கடிதம் எழுதியிருந்தான். எழுபது வயசுக்கு மேல் அண்ணன் எழுதுகிறான் என்றதும் என் மகன் சிரித்தான். நமக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றை எழுது. அப்புறம் நம்புகிறேன்.

அந்தக் கூடத்தில் உன்னை மரியாதையாக நடத்துகிறார்களா? குளிருக்குச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுக்கிறார்களா?

நான் முன்பு எழுதிய கடிதங்களை எல்லாம் வைத்திருக்கிறாயா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
தங்கை


மணி துணை

பிப்ரவரி 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

வெள்ளையடிக்க அப்பா கரைத்து வைத்த சுண்ணாம்பில் நீ விழுந்து முழுசாக வெள்ளையாக எழுந்தாய். அழவில்லை. "நான் பேய்"னு சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் ஓடினாய். அந்த அம்மா மயக்கம் போட்டு விழுந்தது. அடி வாங்கியது நான். போதுமா, குருவி? உன்னைக் குருவி என்று கூப்பிட அப்பாவையும் என்னையும் தவிர வேறு ஆள் கிடையாது.

நான் நானேதான். இப்போது எனக்கு ஒரு சந்தேகம். உன் கடிதத்தின் தலையில் 'மணி துணை' இல்லையே? எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் ஒன்றையும் விடமாட்டான். மூன்று தடவை தேடினேன். தாளைத் திருப்பியும் பார்த்தேன். டெய்லர் படித்துக் காட்டும்போது ஒவ்வொரு தடவையும் 'மணி துணை' என்றுதானே ஆரம்பிப்பான்?

உன் பழைய கடிதங்கள் என்னிடம் இல்லை. காலர் வெட்ட அளவுக் காகிதம் வேண்டும் என்று டெய்லர் வாங்கிக்கொண்டான். இந்த ஊரில் பாதிப் பேர் கழுத்து உன் கடிதத்தின் அளவுதான். அதை எதற்குக் கேட்டாய்?

தெருவில் பேச்சே சரியில்லை. நம் மணிச் சங்கத்துத் தலைவர் இருக்கிறாரே, மரக்கடைக்காரர், அவர் விளக்குக் கூடத்து வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிக்கொண்டு நிற்கிறார். நம் மணி அடித்தால் அவர்கள் ஜன்னலைத் திறந்து யார் யார் போகிறார்கள் என்று பார்க்கிறார்கள். டெய்லரும் விளக்குக்காரன்தானே. என்னோடு டீ குடித்தே கிழவனானவன். அவன் நேற்று, "உங்க வீட்ல எத்தனை பேரு மேஸ்திரி?" என்று கேட்கிறான். கல்யாணமே ஆகாத ஒண்டிக்கட்டை என்று அவனுக்குத் தெரியாதா? எதற்காகக் கேட்கிறான்?

உன் அண்ணன்


ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பேத்திக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு.

கடிதத் தலையில் ஏதோ இல்லை என்று கேட்டிருந்தாய். அவசரத்தில் விட்டுப் போயிருக்கும். சுண்ணாம்புக் கதையைப் பேத்தியிடம் சொன்னேன். இரண்டு நாளாக முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு எல்லோரையும் பயமுறுத்துகிறாள்.

உன் எழுத்து அழகாக இருக்கிறது. செங்கல் அடுக்கியது போல வரிசையாக இருக்கிறது.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

அன்புடன்,
தங்கை


மணி துணை

ஏப்ரல் 12

தங்கச்சிக்கு,

நான் சௌக்கியம். உன் காய்ச்சல் விட்டதா?

அவசரத்தில் விட்டுப்போனது என்று எழுதிய கடிதத்திலும் அது இல்லை. அவசரம் இரண்டு மாதம் நீடிக்குமா?

டெய்லர் கடைக்குப் போனேன். அவன் பட்டன் தைத்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி லெட்டர்ல மணி துணைன்னு இருக்குமா, இருக்காதா?"

"இருந்துச்சு."

"எப்ப இருந்துச்சு?"

"அதாவது... முன்னாடி இருந்துச்சு. உன் மச்சான் கப்பலோட காணாமப் போனாருல்ல, அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல நின்னு போச்சு."

"ஆறு வருஷமா இல்லாததை எப்படிடா படிச்ச?"

"நீ கண்ணை மூடிக்கிட்டு அதைக் கேட்கறதுக்குன்னே உட்காந்திருப்ப. இல்லைன்னு எப்படிப் படிக்கறது மேஸ்திரி? நீயே சொல்லு."

அவன் விளக்குக்காரன். ஆறு வருஷமாக எனக்காக மணி அடித்திருக்கிறான். எனக்கு அவனை உதைப்பதா, டீ வாங்கிக் கொடுப்பதா என்று தெரியவில்லை. எதையும் செய்யாமல் வந்துவிட்டேன்.

உன்னை யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா? உன் மகனா? மருமகளா? பெரிய ஊர்களில் விளக்குக்காரர்கள் வீடு வீடாகப் போய் ஆளைக் கரைக்கிறார்கள் என்று மரக்கடைக்காரர் சொல்கிறார். "நம்ம ஆள் ஒருத்தர் குறைஞ்சா சுவர் ஒரு அடி நகரும் மேஸ்திரி, உங்க அப்பா அம்மா தலைமாட்டுல வந்து நிக்கும்" என்றார். அப்படி மாறிப் போனவர்களை நான் என்ன நினைப்பேன் என்று உனக்குத் தெரியும்.

ஒன்று செய். மே மாதம் புறப்பட்டு இங்கே வா. எண்ண வரும் நாளில் என் வீட்டில் இரு. கணக்கில் என் பக்கத்தில் நில். உனக்குக் கட்டில் போட்டு வைக்கிறேன்.

உன் அண்ணன்


மணி துணை

மே 16

தங்கச்சிக்கு,

பதில் இல்லை. தபால்காரரைத் தினம் வழியில் மறித்துப் பையை எட்டிப் பார்க்கிறேன். "தாத்தா, நான் உங்க லெட்டரைச் சாப்பிட்டேனா என்ன?" என்கிறார். உன் மகன் என் கடிதத்தை உனக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறானோ என்று கூட நினைத்தேன்.

எண்ணுகிற பெண் வந்து போய்விட்டாள். அவள் படியில் உட்கார்ந்து, "சொல்லுங்க தாத்தா, நான் எழுதிக்கறேன்" என்றாள்.

"நீ சொல்லும்மா, நான் எழுதறேன்" என்றேன்.

சிரித்துவிட்டுத் தாளைக் கொடுத்தாள். 'மதம்' என்ற இடத்தில் மணி என்று எழுதினேன். 'ணி' மூன்று வளைவு ஏறி இறங்குவதற்குள் அவள் டீயே குடித்து முடித்துவிட்டாள். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் என்னிடம் கேட்டுவிட்டு அவர்களே எதையோ எழுதிக்கொண்டு போவார்கள். என்ன எழுதினார்களோ, யார் கண்டது. இந்தத் தடவை என் கையால் எழுதியது. மரக்கடைக்காரர் எதிர் வாசலில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"வேற யாரும் இருக்காங்களா?" என்றாள்.

"தங்கச்சி வரணும்" என்றேன்.

அவள் உள்ளே விரித்து வைத்திருந்த கட்டிலைப் பார்த்தாள். "வராதவங்கள எழுத முடியாது தாத்தா."

நான் சௌக்கியம். நீ சௌக்கியம்தானா என்பதையாவது எழுது.

உன் அண்ணன்


மே 30

அண்ணா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. என் மகன் எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்தது நான்தான்.

அவர் போன கப்பலைப் பற்றித் தகவல் இல்லை என்று சொன்ன பிறகு பல மாதம் காத்திருந்தேன். உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை. நம் மணிக்கூடத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது. இந்த ஊரில் மணிக்காரர் குறைந்து குறைந்து, கடைசியில் மணி அடிக்கக்கூட ஆள் இல்லை என்று கூடத்தைப் பார்சல் கம்பெனிக்கு விட்டுவிட்டார்கள். வாசலில் அட்டைப் பெட்டிகள். அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்து அழுதேன். காவலாளி எழுந்திரிக்கச் சொன்னான்.

அந்த வாரம்தான் மாடி வீட்டு அம்மாள் ஒரு விளக்கைக் கொண்டு வந்து என் ஜன்னலில் வைத்தாள். "வர்றவருக்கு வழி தெரியணும்ல" என்றாள். என்னை எதுவும் சொல்லச் சொல்லவில்லை, எங்கேயும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் வந்து எண்ணெய் ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவர் வரவில்லை. விளக்கு மட்டும் ஜன்னலிலேயே தங்கிவிட்டது. பிறகு நானே அவளோடு கூடத்துக்குப் போக ஆரம்பித்தேன். யாரும் என்னைக் கரைக்கவில்லை, அண்ணா. நானாகக் கரைந்தேன்.

இங்கேயும் எண்ண வந்தார்கள். மகன் விளக்கு என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். என் பக்கத்தில் நில் என்று நீ எழுதிய கடிதம் அப்போது என் மடியில் இருந்தது.

உன்னிடம் எப்படிச் சொல்வேன்? சின்ன மாமா மகன் மாறியது தெரிந்த அன்று, அவன் வீட்டில் பாதி பூசிய சுவரை அப்படியே விட்டு இறங்கி வந்தவன் நீ. பூச்சுக் கரண்டியைக்கூடக் கழுவவில்லை என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுவாள். அவன் இறந்தபோதும் நீ போகவில்லை.

எனக்கென்று சொல்லி வைத்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. என்னை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். சுவர் இந்தத் தடவை நகர்ந்தால், உன் பக்கம் வந்து நிற்காமல் அதைத் தள்ளியவர்களில் நானும் ஒருத்தி.

குருவி


செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? இங்கே நலம்.

நீ திட்டி எழுதினாலும் பரவாயில்லை. உன் எழுத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. பேத்தி தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "செங்கல் தாத்தா இன்னைக்கும் எழுதல" என்கிறாள்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

குருவி


மணி துணை

நவம்பர் 21

அன்புள்ள குருவிக்கு,

முழங்கால் முணுமுணுப்பை விட்டுச் சத்தமாகவே பேசுகிறது. மற்றபடி சௌக்கியம். உன் சர்க்கரையை எழுது.

எழுதத் தெரிந்த பிறகுதான் எழுதாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிகிறது. 'அன்புள்ள' வரைக்கும் பல தாளில் எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. எல்லாவற்றையும் டெய்லரிடம் கொடுத்தேன். இனி காலரெல்லாம் என் கையெழுத்தில்தான்.

முதலில் கோபம். யார் மேல் என்று தெரியாமல் எல்லோர் மேலும் சந்தேகம். நூலகத்து அம்மாவைக்கூட முறைத்தேன். அவர் 'ஔ' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார், பாவம்.

பிறகு ஒரு நாள் சின்ன மாமா மகன் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே, கால் போயிற்று. அவன் பெண்டாட்டி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டீ குடிச்சுட்டு வர இவ்வளவு நேரமாண்ணா?" என்றாள்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர்கள் வீட்டுச் சுவர் நான் விட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது, குருவி. பாதிக்குப் பூச்சு, பாதிக்குச் செங்கல்.

"வேற ஆளைத் தொட விடல அவரு. மேஸ்திரி வந்து முடிப்பான்னாரு. எங்க பொண்ணைப் பார்க்க வந்த சம்பந்தி வீட்டுக்காரங்ககிட்ட, இது புது மாடல்னு சொல்லிச் சமாளிச்சோம்."

அவள் வாளியில் தண்ணீர் கொண்டு வந்தாள். இந்தக் காலோடு ஒரு வாரம் ஏறி இறங்கிப் பூசி முடித்தேன். பழைய பூச்சும் புதுப் பூச்சும் நிறம் சேரவில்லை. சேராவிட்டால் என்ன, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், நேராக நிற்கிறது. இந்தத் தடவை கரண்டியைக் கழுவிவிட்டுத்தான் வந்தேன்.

கணக்கெடுப்பு முடிவை நகராட்சிப் பலகையில் ஒட்டினார்கள். இரண்டு சங்கத்துக்காரர்களும் முண்டியடித்தார்கள். படித்தது நான். மணி, போன தடவையைவிடக் குறைவு. நம் ஆட்கள் தலையில் கை வைத்தார்கள். விளக்கு, அதுவும் குறைவு, ஏறக்குறைய அதே அளவு. அவர்களும் தலையில் கை வைத்தார்கள். அதற்குக் கீழே ஒரு வரி, முன்பு தூசி போல இருந்தது, இப்போது மூட்டையாகிவிட்டது. 'மதம் எதுவுமில்லை.'

மரக்கடைக்காரர், "யார்றா அது?" என்று கத்தினார். இத்தனை நாள் எதிர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் நிற்பவனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மரக்கடைக்காரர் இப்போது அவருடைய இரண்டு பிள்ளைகளையும் சந்தேகப்படுகிறார். சாப்பிடும்போது உதடு அசைகிறதா, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கை வைக்கிறார்களா என்று குனிந்து பார்க்கிறாராம். நான் டெய்லரிடம், "நீயாடா?" என்றேன். "அளவு எடுக்கறவன்கிட்டயே அளவு கேட்கறியா மேஸ்திரி?" என்று நூலைக் கடித்துத் துப்பினான். அவன் என்ன எழுதினான் என்று எனக்கு இன்னும் தெரியாது.

இரண்டு பக்கமும் சமமாகக் குறைந்ததால் சுவரைத் தொடவில்லை. அந்தப் புது ஆட்களுக்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

உன் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. நானே அதற்கு மாறிக்கொண்டேன். கேள். நேற்று டெய்லரைக் கூட்டிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனேன். நம் பக்கத்தில் சுவரைத் தொட்டாற்போல எனக்குக் குறித்தேன். அவன் அந்தப் பக்கம் சுற்றிப் போய், அவன் சங்கத்தில் பேசி, சுவரைத் தொட்டாற்போல உனக்குக் குறித்தான். நான் இங்கிருந்து சுவரைத் தட்டினேன், அவன் அங்கிருந்து தட்டினான். நேருக்கு நேர்தான். காவல்காரர், "சினிமாவுக்கு சீட்டு பிடிக்கற மாதிரி ரெண்டு பக்கமும் இடம் போடறீங்களே பெரியவரே" என்று சிரித்தார். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாகக் கிடக்கிறது. கிடக்கட்டும், அம்மா கால் மடக்கிப் படுத்தே பழக்கப்பட்டவள், இனி நீட்டிக்கொள்ளட்டும்.

உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒன்பது அங்குலச் சுவர். நான் கட்டியது, எனக்குத் தெரியாதா? காண்டிராக்டர் சிமெண்டைக் குறைத்துக் கொடுத்த சுவர். அது ரொம்ப நாள் நிற்காது. நின்றாலும், அடுத்த தடவை எண்ணுவார்கள், அதற்கடுத்த தடவையும் எண்ணுவார்கள், இடிப்பார்கள், தள்ளிக் கட்டுவார்கள். இந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் நகர்ந்தாலும் நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் ஆகிவிடுவோம். அவர்கள் எண்ணட்டும். நாம் நகர வேண்டாம்.

அதற்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது. முதலில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா. கட்டில் விரித்தபடியே இருக்கிறது. ஜன்னலில் விளக்கு வைக்க ஒரு பலகை அடித்திருக்கிறேன், கொஞ்சம் சாய்வாக இருக்கிறது, மர வேலை எனக்கு வராது.

என் கடிதத்தின் தலையில் எப்போதும் போல 'மணி துணை' போட்டிருக்கிறேன். நீ எனக்காக அதைப் போட்டுவிடாதே. போட்டால், வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவேன்.

உன் அண்ணன்